வக்கீலம்மாவின் தப்புகள்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எனக்கு ஞாபகமே போதும். நாற்பத்தைந்து வருஷத்தில் யார் எந்தக் கிழமை எந்த வாசலில் நின்று என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆனால் ஞாபகத்தைக் கோர்ட்டில் எடுத்துக் காட்ட முடியாதாம். "தேதி போட்டு எழுதி வைங்கம்மா" என்றாள் வக்கீலம்மா. பேத்தியின் பழைய நோட்டில் பாதித் தாள் வெறுமையாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு விட்ட கை இது, மெதுவாகத்தான் ஓடும்.

வக்கீலம்மா பேர் எஸ்தர். என் மகன் ராமலிங்கத்தின் செல்போன் கடைக்கு மேல்மாடியில் போர்டு மாட்டியிருக்கிறாள். குமாஸ்தா கிடையாது. டைப் அடிப்பது, கோர்ட்டுக்கு ஓடுவது எல்லாம் அவள் ஒருத்திதான். விவாகரத்து வேண்டும் என்றதும், "மகளுக்காம்மா?" என்று கேட்டாள்.

"எனக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அவரு ஒங்கள விட்டுட்டுப் போயி எத்தன வருஷம்?"

"இருபத்தேழு."

"அப்பல்லாம் விட்டுட்டு இப்ப ஏம்மா?"

அதைச் சொன்னேன். நோட்டிலும் இருக்கட்டும். ஆடிக் கடைசி வெள்ளி, அந்த ஆளின் அக்கா முத்துவடிவு மதினி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "தம்பிக்குத் தொண்டையில புத்து. தை தாண்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒண்ணு ஆச்சுன்னா நீதான் வந்து உக்காரணும் ஆவுடை. அந்தத் தென்காசிக்காரி கழுத்துல அவன் ஒண்ணும் கட்டல. தாலி வாங்குத சடங்கு உனக்குத்தான். அன்னைக்கு வந்து வம்பு பண்ணிராத, ஆமா" என்றாள்.

அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். தலைமாட்டில் உட்கார வைப்பார்கள். தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். ஊர் பார்க்கப் பார்க்க, புருஷன் செத்த பெண்கள் சுற்றி நின்று கழுத்தில் கிடப்பதை வாங்குவார்கள். இருபத்தேழு வருஷம் என்னை எட்டிப் பார்க்காத ஆளுக்காக நான் அங்கே போய் உட்கார மாட்டேன். அந்த ஆள் சாகுமுன் எனக்குத் தீர்ப்பு வேண்டும். நான் யாருக்கும் பொண்டாட்டி இல்லை என்று முத்திரை வைத்த காகிதம் வேண்டும்.

"அப்ப ஏம்மா இன்னும் கழுத்துல போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"செத்தாத்தான் கழட்டுவாவ. உயிரோட இருக்கும்போதே அந்த மரியாதைய எதுக்குக் குடுக்கணும்?"

அதையும் எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

எலுமிச்சை மண்டியில் எட்டு மூட்டை. பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரித்துப் போட்டோம். அழுகலைக் கண்ணுக்கு முன்னால் விரல் கண்டுபிடித்துவிடும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மனு டைப் ஆகி வந்தது. கையெழுத்துப் போடச் சொன்னாள். படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். இரண்டாவது பக்கத்தில், எனக்கும் அந்த ஆளுக்கும் சபை போதகர் முன்னிலையில் மோதிரம் மாற்றிக் கல்யாணம் நடந்ததாக இருந்தது.

"வக்கீலம்மா, எனக்கு எப்ப ஞானஸ்நானம் குடுத்தீங்க?"

வாங்கிப் பார்த்தாள். முகமெல்லாம் சிவந்துபோனது. அவள் சபையைச் சேர்ந்த வேறொரு பெண்ணின் மனுவை எடுத்துப் பேரை மட்டும் மாற்றியிருக்கிறாள். "என் தப்பும்மா. திரும்ப அடிச்சுத் தாரேன்" என்றாள்.

முதல் தப்பு. குறித்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

இரண்டாவது தப்பு. இன்றைக்கு வாய்தா என்றாள். இரண்டு பஸ் மாறிப் போனோம். வாய்தா முந்தாநாளே முடிந்துவிட்டதாம். வேறு கேஸின் தேதியை எனக்குச் சொல்லியிருக்கிறாள். உள்ளே ஓடினாள், வெளியே வந்தாள், மறுபடியும் ஓடினாள். அடுத்தது நவம்பர் ஆறு. அதற்குள் அந்த ஆளுக்குச் சம்மன் போகுமாம்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவே தயங்கினாள். "என் தப்பும்மா" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு இழைத்த தப்பை நான் மன்னித்ததும் கிடையாது, மறந்ததும் கிடையாது. முத்துவடிவு மதினி என் தலைப்பிரசவத்துக்குக் கொடுத்தனுப்பிய கிழிசல் சேலை என்ன நிறம் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஊறுகாய் ஜாடியை வெயிலில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டு அமீனா காகிதத்தோடு வந்தார்.

"சங்கரவேல் இருக்காரா?"

"வெளிய போயிருக்காவ" என்றேன்.

"எப்ப வருவாரு?"

"தெரியல."

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரி."

"அப்ப நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கி, வந்ததும் குடுத்துருங்க."

போட்டேன். அமீனாவின் வண்டி தெரு முக்குத் திரும்பியபிறகுதான் படித்தேன். மனுதாரர் ஆவுடைத்தங்கம். எதிர்மனுதாரர் சங்கரவேல். இரண்டு பேருக்கும் ஒரே கதவு எண். அந்த ஆளுக்கு நான் அனுப்பிய சம்மனை நானே வாங்கியிருக்கிறேன்.

வாய் தவறி வந்த பேச்சு அது. வீட்டு ஆளை யாராவது கேட்டு வந்தால் எல்லாப் பெண்களும் சொல்வதுதான்.

அக்டோபர் 15, புதன்

வக்கீலம்மாவிடம் காட்டினேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ரேஷன் கார்டப் பாத்து அட்ரஸ் போட்டுட்டேம்மா. அதுல அவரு பேரு இன்னும் ஒங்க வீட்டுலதான இருக்கு. தென்காசியில இருக்காருன்னு நீங்க சொன்னது எனக்கு மறந்துபோச்சு. என் தப்பு."

மூன்று.

பேரை நீக்க வேண்டுமானால் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடக்க வேண்டும். எனக்கு மண்டியில் வேலை இருந்தது. இருபத்தேழு வருஷமாக வேலை இருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

ராமலிங்கம் என்னைத் தனுஷ்கோடி என்கிற வக்கீலிடம் கூட்டிப் போனான். குளுகுளு அறை, மூன்று குமாஸ்தா. செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்தம்மா செஞ்ச தப்பு ஒங்களுக்கு யோகம். சம்மன் சேர்ந்தாச்சுன்னு அமீனா எழுதிக் குடுத்துருவாரு. அவருக்குத் தெரியாது, அதனால வரமாட்டாரு. வரலன்னா ஒரு பக்கத்த மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிருவாங்க. சீக்கிரம் முடிச்சிரலாம்."

"அந்த ஆளுக்குத் தெரியாமலா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? ஒங்களுக்குப் பேப்பர்தான வேணும்?"

வெளியே வந்ததும் ராமலிங்கம் சொன்னான்: "எம்மா, இன்னைக்கே மாத்திருவோம். அந்த எஸ்தரம்மாவ நம்பிக்கிட்டு இருந்தன்னா, நீ அங்க போயி உக்காந்துதான் எந்திரிக்கணும்."

சாயங்காலம் நானே மாடியேறிப் போனேன். "வீட்டுக்காரின்னு கையெழுத்துப் போட்டது நாந்தாங்கறத நீங்க சொல்லாம விட்டுட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அது பொய்யாயிரும்மா" என்றாள். "அட்ரஸ் தப்பாக் குடுத்தது நாந்தான்னு ஜட்ஜுகிட்ட சொல்லப்போறேன். புதுசா சம்மன் போகணும். நாளாகும். அதுக்குள்ள அவருக்கு ஏதாச்சும்..." நிறுத்திக்கொண்டாள். பிறகு மேஜையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். "வேற வக்கீலுக்கு மாத்தணும்னா நான் இதுல கையெழுத்துப் போடணும். இப்பவே போட்டுத் தாரேன். வருத்தப்பட மாட்டேன்."

தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு கருகிவிட்டது.

அக்டோபர் 25, சனி

இன்றோடு இருபத்தேழு வருஷம். அன்றைக்குத் தீபாவளி கழிந்து ஆறாம் நாள். ஞாயிற்றுக்கிழமை. தென்காசி பஸ்ஸில் அந்த ஆள் கண்டக்டர். காலை டூட்டி. மூன்று தோசை சாப்பிட்டார், நாலாவது வேண்டாம் என்றார். காக்கிச் சட்டையில் மூன்றாவது பொத்தான் போய், நான் கறுப்பு நூலால் தைத்திருந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது "வாரேன்" என்றார். அவ்வளவுதான். இன்னொரு வீடு இருப்பதை எட்டாம் நாள் டிரைவர் பொண்டாட்டி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் ஆவுடை" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், கையில் இருந்ததைத் தூக்கி எறிந்திருப்பேன். அழுதிருப்பேன். அப்புறம் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

இந்த எஸ்தரம்மா மூன்று தப்பு செய்துவிட்டாள். மூன்று தடவையும் என் முகத்தைப் பார்த்து என் தப்பு என்றாள். என் ஆயுசில் என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை.

அப்புறம், அந்த ஆளுக்குத் தெரியாமல் தீர்ப்பாவது. சொல்லாமல் போனது அந்த ஆள் செய்த வேலை. நான் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

வக்கீலம்மா தந்த தாளில் ஊறுகாய் ஜாடிக்கு மூடி கட்டினேன். ராமலிங்கம் என்னோடு இரண்டு வேளை பேசவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஜட்ஜ் முன்னால் வக்கீலம்மா எழுந்து நின்று, விலாசம் தவறாகக் கொடுத்தது நான்தான் என்று சொன்னாள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பி முறைத்தேன். அடுத்த வாய்தா டிசம்பர் 19. சம்மன் தென்காசிக்குப் போகிறது.

நவம்பர் 22, சனி

முத்துவடிவு மதினி போனில் கத்தினாள். "சாகக் கெடக்கவனுக்குக் கோர்ட்டுக் காயிதமா அனுப்புத? நீயெல்லாம் பொம்பளையா?"

கத்தி ஓய்ந்ததும், "படிச்சாவளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ படிச்சான். தலகாணிக்கு அடியில வச்சிருக்கான். எவ கேட்டும் குடுக்க மாட்டேங்கான்."

நான் போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

மழை. மண்டிக்குப் போகவில்லை. மருந்துக்கடையில் தைலம் வாங்கினேன். தொண்டையில் புத்து உள்ளவர்களுக்குக் கஞ்சியாவது இறங்குமா என்று கேட்டேன். சும்மா கேட்டு வைத்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

ஆட்டோவில் வந்து இறங்கினார். முதலில் யாரோ என்று நினைத்தேன். கம்பியில் சட்டையைத் தொங்கவிட்டது போல் இருந்தது. பக்கத்தில் தென்காசிக்காரி. துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தாள். அவளுக்கென்று நான் சேர்த்து வைத்த வார்த்தைகள் எத்தனையோ. என்னைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து எழுந்து, தலையைக் குனிந்து நின்றாள். அவள் தலை முழுக்க நரைத்துவிட்டது. எழுந்து நிற்கிறவளை எப்படித் திட்டுவது?

கூப்பிட்டார்கள். அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கல்யாணத்துக்கு அப்புறம் நாலு பேர் முன்னால் அப்படி நின்றது இன்றைக்குத்தான்.

"ஒங்க மனைவி விவாகரத்து கேட்டிருக்காங்க. என்ன சொல்றீங்க?" என்று ஜட்ஜ் கேட்டார்.

உதடு அசைந்தது. சத்தம் இல்லை. காற்றுதான் வந்தது.

"சத்தமா சொல்லுங்க."

மறுபடியும் காற்று. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றாரு?"

"எல்லாம் என் தப்புத்தான், அவ கேட்டதக் குடுத்துருங்கன்னு சொல்லுதாவ அய்யா."

இருபத்தேழு வருஷம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதை என் வாயால் நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஜட்ஜ் எழுதினார். "கல்யாணம் என்னைக்கு நடந்துச்சு? அவரே சொல்லட்டும்."

அவர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆவுடை... என்னைக்கு?"

பையனுக்கு என்ன நட்சத்திரம், ரேஷன் கடை எப்போது திறப்பார்கள் என்று அந்தக் காலத்தில் என்னிடம்தான் கேட்பார். அதே மாதிரி கேட்டார். நான் சொல்வேன் என்று அதே நம்பிக்கை. நான் ஒன்றையும் மறக்கவில்லை. அவருக்கு அந்த நாளே இல்லை.

"என்ன சொல்றாரு?" என்றார் ஜட்ஜ்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பது, ஆனி பன்னெண்டு, வியாழக்கெழமன்னு சொல்லுதாவ அய்யா."

"நல்ல ஞாபகம் அவருக்கு" என்று ஜட்ஜ் எழுதிக்கொண்டார்.

கேஸ் நிற்க வேண்டுமே என்றுதான் அப்படிச் சொன்னேன்.

இன்றைக்கே முடித்துவிடலாம், கல்யாணப் பத்திரிகையின் அசலைக் கொடுங்கள் என்றார்கள். போன மாதமே அதை வக்கீலம்மாவிடம் கொடுத்திருந்தேன். பையைக் கவிழ்த்துத் தேடினாள். இல்லை. இன்னொரு பையில் வைத்து ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் லீவு, பொங்கல் லீவு எல்லாம் கழித்து ஜனவரி இருபது என்று போட்டார்கள்.

வராந்தாவில் ராமலிங்கம் அவளைப் பார்த்துக் கத்தினான். "ஒரு பத்திரிகையக் கூட ஒழுங்கா கொண்டாரத் தெரியாதா? எங்கம்மா வாழ்க்கையில வெளையாடுதீங்களா?" அவள் என்னிடம் வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. "என் தப்பும்மா."

"ஒரு மாசந்தான. போவட்டும்" என்றேன்.

ராமலிங்கம் கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

ஆட்டோ கிளம்பும்போது அவர் உதடு அசைந்தது. தூரமாக இருந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்காததைக் கேட்டதாக எழுத மாட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

கஞ்சியும் இறங்கவில்லையாம். ராமலிங்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நான் கேட்காமலே சொன்னான்.

ஜனவரி 13, செவ்வாய்

காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. அவர் போய்விட்டார். இருபதாம் தேதிக்கு இன்னும் ஏழு நாள்.

மதினி வேன் அனுப்புகிறாளாம், அவளே கூட வருகிறாளாம், பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுமாம். "நீ கெளம்ப வேண்டாம் எம்மா, நான் பேசிக்கிடுதேன்" என்றான் ராமலிங்கம். குரல் உடைந்துவிட்டது. அவனுக்கும் அப்பா அல்லவா.

பத்து மணிக்கு வக்கீலம்மா வந்தாள். நாற்காலியைப் போட்டும் உட்காரவில்லை.

"கேஸு அவரோட முடிஞ்சுபோச்சும்மா. இறந்துட்டாருன்னு எழுதி மூடிருவாங்க."

"அப்ப நான் யாரு?"

"சட்டப்படி அவரு மனைவிதான். கடைசி வரைக்கும் மனைவியாத்தான் இருந்திருக்கீங்க." வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னைக்குப் பத்திரிகைய மறக்காம எடுத்துட்டு வந்திருந்தா..."

நான் திட்டினால் தேவலை என்று நின்றாள். திட்டவில்லை. எழுந்து போய் ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வேன் வாரதுக்குள்ள இத எடுத்துரணும். சங்கிலித் திருகு பிடரியில இருக்கு. எனக்குக் கை எட்டல."

பயந்து ஒரு எட்டுப் பின்னால் போனாள். "நான் தொடலாமாம்மா? யாரு எடுக்கணும்னு ஒரு முறை இருக்கும்லா?"

"புருசன் செத்தவ எடுக்கணும். சுமங்கலி தொடக்கூடாது."

"எனக்குக் கல்யாணமே ஆகலம்மா. நான் ரெண்டுலயும் சேத்தி இல்ல."

"அப்ப ஒங்களத் தடுக்க ஒரு சட்டமும் கெடையாது. எடுங்க."

எல்லா இடத்திலும் தப்புச் செய்கிற அந்தக் கை என் பிடரிக்கு வந்தது. திருகை மாற்றித் திருப்பினாள். அது இன்னும் இறுகியது. "ஐயோ, இந்தப் பக்கம் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபக்கம் திருப்பினாள். முடி சிக்கி இழுத்தது. ஒரு கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் சத்தம் போடவில்லை. எடுத்ததை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கே வைப்பது என்று கேட்டாள். நான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வேன் வந்தது. மதினி உள்ளே வந்து என் கழுத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி! யாரு எடுத்தா? அங்க சனம் எல்லாம் காத்துக்கிட்டு கெடக்கு, நீ பாட்டுக்கு..."

"நாந்தான் எடுக்கச் சொன்னேன் மதினி. ஒங்க தம்பிக்குச் சொல்லிட்டுத்தான் செஞ்சேன், கோர்ட்டுல. தலமாட்டுல அந்தத் தென்காசிக்காரிய உக்கார வைங்க. தண்ணி குடுத்தவ அவதான்."

"மொகத்தக்கூடப் பாக்க மாட்டியா பாவி?"

வக்கீலம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அவங்க வரலன்னா வரலதாம்மா" என்றாள். அதில் ஒரு தப்பும் இல்லை.

ராமலிங்கம் மட்டும் வேனில் ஏறிப் போனான். வக்கீலம்மா மூன்று மணி பஸ்ஸுக்குத்தான் போனாள். அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும்.

முடி பிய்ந்த இடம் எரிகிறது. எண்ணெய் வைத்தும் அடங்கவில்லை. மருமகள் துண்டைக் கொண்டுவந்து என் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. பிடரியில் முடி இழுத்த வலி என்று சொல்லியிருக்கிறேன்.